பதினெட்டுப் பேருக்கான படகு

1

எங்கள் சங்கச் செயலாளர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். இங்கிலாந்தின் தென்கரையில், ஓய்வூதியக்காரரும் கடற்காகங்களும் மட்டுமே மனமுவந்து வசிக்கும் சிறு நகரம் இது. இலங்கையிலிருந்து வந்த தமிழ் பேசும் குடும்பங்கள் கொஞ்சம் இங்கே உண்டு. கோடையில் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து ஒரு படகை வாடகைக்குப் பிடிப்போம். கரையை விட்டு அதிகம் விலகாமல் ஒரு சுற்றுச் சுற்றி, குளிரில் நடுங்கியபடி கட்லட் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். இதற்கு வருடாந்த ஒன்றுகூடல் என்று பெயர்.

"அண்ணை, இந்த முறையும் போட் அலுவல் உங்களுக்குத்தான். உங்களுக்குத் தெரியாத சட்டமே?"

"என்னால ஏலாது."

"ஏன், உடம்பு சரியில்லையோ?"

"உடம்பு நல்லா இரிக்கி. ஆக்களத்தான் எனக்குப் பிடிக்கிறதில்ல."

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார். வெளிநாட்டில் உண்மை சொல்வதில் இது ஒரு வசதி.

அவர் என்னைத் தேடி வந்ததில் நியாயம் உண்டு. இந்த நகரசபையில் உல்லாசப் படகுகளுக்கும் அவற்றை ஓட்டுபவர்களுக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கும் பிரிவில் என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் கழிந்தது. ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்து வைப்பதுதான் தொழில். அந்த எண் படகின் உட்புறத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, பெயின்ற்றால் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத்தின் உயரம்கூட எங்கள் விதியில் இருந்தது. சிரிக்க வேண்டாம். அந்த உயரத்தை நிர்ணயித்த குழுவில் நானும் இருந்தேன்.

முந்தைய ஒன்றுகூடலில் ஒருவர் தன் மச்சினன்மார் இருவரையும் சொல்லாமல் கூட்டிவந்தார். படகோட்டி, வெள்ளைக்காரர், ஆட்களை விரலால் எண்ணிவிட்டு அந்த இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் இறங்கிப்போய் ஐஸ்கிறீம் வாங்கித் தின்றார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. எப்படி வரும்? இங்கே நாங்கள் ஒருவருக்கொருவர் எதுவுமே இல்லை. இறக்கிவிட்டாலும் குறைந்துபோக ஒன்றுமில்லை.

இதே மாதம், சென்ற வருடம், நான் இலங்கையில், என் ஊரான கற்பிட்டியில், ஒரு படகை வாடகைக்குப் பிடித்தேன். அன்று தொடக்கம் என் தங்கை ஜெஸீலா என்னோடு கதைப்பதில்லை. 'இங்கிலாந்து நானா வந்து சட்டம் பேசி என்ட மகள்ற கலியாணத்தக் குழப்பிட்டார்' என்று புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் சொல்லிவருகிறாள். நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்லக்கூட அவள் வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. அவள் சொல்வதைக் கேட்டவர்கள் அங்கே நிறையப் பேர். என் பக்கத்தைக் கேட்க ஒருவரும் இல்லாதபடியால் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல.

2

ஜெஸீலாவின் மகள் ஹஸ்னா கணித ஆசிரியை. அரசாங்க நியமனம். அந்த நியமனத்துக்காக அவள் எழுதிய பரீட்சைகளையும் போன நேர்முகங்களையும் நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நியமனம் வந்த அன்று எனக்கு வீடியோ அழைப்பு எடுத்து அழுதாள். பிறகு, "மாமா, சம்பளம் எவ்வளவெண்டு மட்டும் கேக்காதீங்க, சிரிப்பீங்க" என்றாள்.

கலியாணம் பேசி வந்தது புத்தளம் டவுனிலிருந்து. மாப்பிள்ளை பர்ஹான், கட்டாரில் ஒரு கட்டடக் கம்பனியில் வேலை, விடுமுறையில் வந்திருந்தார். தகப்பனுக்கு இரும்புக் கடை. குடும்பம் பெரியது, மரியாதையானது, புகைப்படங்களில் எல்லோரும் சிரிப்பார்கள். தரகர் முதலில் சொன்னது: "வேல செய்ற புள்ள எண்டா அவங்களுக்கு நல்ல விருப்பம்." அடுத்த முறை சொன்னது: "அல்லாஹ்ட உதவியால அந்த வீட்டுல பொம்புளையள் வேலைக்கிப் போகோணும் எண்டு ஒரு தேவ இல்ல."

இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் ஹஸ்னாவின் வாழ்க்கை இருந்தது. அவளுக்கு அது விளங்கியது. அவளுடைய வாப்பா, என் மச்சான் நிசாருக்கு, விளங்கவில்லை. விளங்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம்.

நான் ஊருக்கு வந்த மறுநாள் ஹஸ்னா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"மாமா, எனக்கு அவர்ட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கோணும். வேலய விடச் சொல்லுவாரா, மாட்டாரா? அவர்ட வாயால சொல்லோணும்."

"ஃபோன்ல கேட்டியா?"

"கேட்டேன். கலியாணத்துக்குப் பொறகு நான் வேலைய விடோணுமா, தொடரலாமா எண்டு மெசேஜ் போட்டேன்."

"என்ன பதில்?"

அவள் தொலைபேசியைக் காட்டினாள். உயர்த்திய பெருவிரல் ஒன்று. வேறு ஒன்றுமில்லை.

"இது எதுக்கு மாமா? விடுறதுக்கா, தொடர்றதுக்கா?"

அந்த மனிதர்மேல் எனக்கு வெறுப்பு வந்தது அந்தக் கணத்தில்தான். நகரசபையில் இப்படிப்பட்ட பதில் எழுதும் மேலதிகாரி ஒருவர் எங்களுக்கு இருந்தார். அவரும் நல்ல மனிதர் என்றுதான் பெயர்.

இருவரையும் வீட்டில் ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசவிட நிசார் ஒருநாளும் சம்மதிக்கமாட்டார். ஊர் வாயைத் திறக்குமாம். அப்போதுதான் எனக்குப் படகு நினைவுக்கு வந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்து, ஊரை ஒட்டிய கடலேரியான களப்பில் ஒருநாள் சுற்றப் போவதை யார் குறை சொல்வது? எல்லோரும் கண்முன்னால் இருப்பார்கள். ஆனால் என்ஜின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது மட்டுமே காதில் விழும். திறந்தவெளியில் இதைவிட மறைவான இடம் கிடையாது. இதை நான் என் தொழில் அனுபவத்தில் அறிவேன். எத்தனையோ பேர் அதற்காகவே படகு பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"வெளிநாட்டு மாமா தாற விருந்து எண்டு சொல்லுவம்" என்றேன்.

"அஞ்சு நிமிசம் போதும் மாமா" என்றாள்.

3

சுற்றுலாப் பருவம் என்பதால் படகு கிடைப்பதே கஷ்டம். டொல்பின் பார்க்க வரும் கூட்டம் எல்லாப் படகையும் முன்கூட்டியே பிடித்துவிடும். கடைசியில் பள்ளிவாசல்துறையில் ரமீஸ் என்பவரிடம் கூரை போட்ட பெரிய ஃபைபர் படகு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவர் வலைக்குவியலின்மேல் உட்கார்ந்து தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதிவைக் கேட்டேன், ஓட்டுபவரின் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டேன், எத்தனை பேர் ஏற்றலாம் என்று கேட்டேன்.

"ஹாஜியார், நீங்க போட் எடுக்க வந்தீங்களா, பொம்புள பாக்க வந்தீங்களா?"

"எத்தின பேர்?"

"பதினெட்டு எண்டு போட்டிரிக்கி. ஆனா அது கடதாசிக்கி. நாங்க இதுல கந்தூரிச் சாப்பாட்டுக்கி ஒரு ஊரயே ஏத்திட்டுப் போயிரிக்கோம்."

"நான் ஊர ஏத்தல்ல. பதினெட்டுப் பேரத்தான் ஏத்துறன். பதினெட்டு லைஃப் ஜாக்கெட் வேணும், எல்லாத்திலயும் வார் இரிக்கோணும்."

"வார் இல்லாட்டி?"

"உங்கட படகு வேணாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், "இவர் தண்ணியில போறதுக்கு இல்ல, தண்ணிக்கி பரீட்ச வைக்கிறதுக்கு வந்திரிக்கார்" என்றார். இருந்தாலும் ஜாக்கெட்டுகளைத் தேடிப் பிடித்தார். ஒவ்வொன்றையும் நான் வார் இழுத்துப் பார்த்தேன். என்னைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு கழுதைகூட நின்று பார்த்தது. அது மட்டும்தான் சிரிக்கவில்லை.

அன்றிரவு நிசாரிடம் கேட்டேன்: "மாப்புள்ள வீட்டால எத்தின பேர் வாறாங்க மச்சான்?"

"ரெண்டு சஹன்."

சஹன் என்பது ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தாலம். எங்கள் ஆட்கள் விருந்தாளிகளைத் தலையால் எண்ணுவதில்லை, சஹனால்தான் எண்ணுவார்கள். இரண்டு சஹன் என்றால் பன்னிரண்டு. எங்கள் வீட்டில் நான், நிசார், ஜெஸீலா, ஹஸ்னா, அவளுடைய தம்பிமார் இருவர். ஆறு. கூட்டினால் பதினெட்டு. படகுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. இருந்தும் பழக்கதோஷத்தில் இன்னொருமுறை கேட்டேன்.

"சரியா ரெண்டுதானா?"

"என்ன நானா, நான் பொய்யா சொல்றன்? மாப்புள்ளட வாப்பாவே சொன்னார், ரெண்டு சஹன் எண்டு."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

4

என் மகன் இங்கிலாந்தில் வேறொரு நகரத்தில் இருக்கிறான். அந்த நாட்களில் ஒருநாள் கற்பிட்டிக்கு வீடியோவில் வந்தான். ஹஸ்னா விசயத்தைச் சொன்னேன். அவனுக்கு விளங்கவே இல்லை.

"வாப்பா, அவங்க ரெண்டு பேரும் ஒரு கோப்பி குடிக்கப் போனாப் போதுமே. எதுக்கு ஒரு கப்பல்?"

"படகு."

"சரி, படகு. எதுக்கு எல்லாரும்?"

விளக்கத் தொடங்கினேன். விளக்க விளக்க எனக்கே அது முட்டாள்தனமாகத் தெரிந்தது, அதனால் அவன்மீது எரிச்சல் வந்தது. அதற்குள் அவனுடைய மகள் திரைக்குள் தலையை நீட்டி, பக்கத்தில் வந்து நின்ற ஜெஸீலாவைப் பார்த்து, "நீ யார்?" என்றாள். மரியாதைக் குறைவாக அல்ல. அவளிடம் இருக்கும் தமிழில் ஆட்களை அழைக்க அந்த ஒரு சொல்தான் உண்டு. ஜெஸீலா சிரித்துக்கொண்டே, "நான் உங்கட வாப்பாட மாமி, மகள்" என்றாள். அழைப்பு முடிந்ததும் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "நானா, உங்கட புள்ளையளுக்கு நீங்க ஒண்டும் படிச்சுக் குடுக்கல்ல. இப்ப என்ட புள்ளைக்கிப் படிச்சுக் குடுக்க வந்திரிக்கீங்க."

அதற்கு நான் ஏதோ கடுமையாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இங்கே தேவையில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை காலை. களப்பு தகரம்போல் அசையாமல் கிடந்தது. தெற்கே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி ஊர் முழுவதையும் மேற்பார்வை செய்துகொண்டிருந்தது. ரமீஸ் படகை இறங்குதுறையில் கட்டிவைத்திருந்தார். கரையில் தென்னோலை வேய்ந்த கொட்டில். அதற்குள் புரியாணிச் சட்டிகள் வந்து இறங்கின. இரண்டு பெரிய சட்டிகள். அதைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும் என்பார்கள். நான் படகு விசயத்தில்தான் நிபுணன், சட்டி விசயத்தில் அல்ல.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஒரு வான். அதிலிருந்து பன்னிரண்டு ஆண்கள், சொல்லிவைத்ததுபோல். பர்ஹானும் அதில் இருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. நான் மனதுக்குள் நிசாரிடம் மன்னிப்புக்கூடக் கேட்டேன். அவ்வளவு அவசரம் வேண்டியிருக்கவில்லை. வானுக்குப் பின்னால் ஒரு பஸ் திரும்பியது. அதிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா இறங்கினார். பிறகு சாச்சிமார், மாமிமார், அக்காமார், மருமகள்மார், அவர்களின் பிள்ளைகள். பஸ் இறக்கிக்கொண்டே இருந்தது.

"நிசார்! என்ன இது?"

"என்ன என்ன? மாப்புள்ள வீடு."

"ரெண்டு சஹன் எண்டு சொன்னீங்க!"

"ஓம். ஆம்புளையள் ரெண்டு சஹன். பொம்புளையள்ற கணக்கு ஜெஸீலாக்கிட்ட."

நான் தங்கையைப் பார்த்தேன்.

"என்கிட்ட ஆரும் கேக்கல்லயே" என்றாள் அவள். "மாப்புள்ளட உம்மா என்கிட்ட ரெண்டரை சஹன் சொன்னா. சின்னப் புள்ளையள் சேராம."

ஊரில் இருப்பவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆண்கள் ஆண்களை அழைப்பார்கள், பெண்கள் பெண்களை அழைப்பார்கள். ஆண்களின் எண்ணிக்கை ஆண்களிடம், பெண்களின் எண்ணிக்கை பெண்களிடம். இரண்டையும் கூட்டுகிற ஒரே மனிதர் புரியாணி சமைப்பவர். அதனால்தான் சோறு ஒருநாளும் பிழைப்பதில்லை. முப்பது வருடமாகத் தலையை எண்ணிப் பிழைத்த எனக்கு இது மறந்துபோயிருந்தது. நிசார், ஜெஸீலா இருவரில் ஒருவருக்காவது சொல்லத் தோன்றியிருக்கலாம்.

வேறு படகு இருக்கிறதா என்று ரமீஸிடம் கேட்டேன். எல்லாம் டொல்பினுக்குப் போய்விட்டதாம்.

"ஏத்துவம் ஹாஜியார். சின்னப் புள்ளையள மடியில வச்சாப் போதும். கடல் இன்னிக்கிப் பால் மாதிரி."

மாப்பிள்ளையின் தகப்பன் என் தோளைத் தட்டினார். "நாங்க புத்தளத்து ஆள், நெருக்கி உக்காந்து பழக்கம். ஏறுங்க, ஏறுங்க!"

ஏறினார்கள். ஆண்கள் முதலில், பிறகு எங்கள் வீட்டாரும் பெண்களும். நான் படகு வாயிலில் நின்று கையை நீட்டி மறித்தேன்.

"பதினெட்டுப் பேர். ஆளுக்கொரு ஜாக்கெட். அதுக்கு மேல ஒரு ஆளும் ஏற ஏலாது. கைப்புள்ளயும் ஒரு ஆள்."

முதலில் சிரித்தார்கள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டார்கள்.

"நானா!" ஜெஸீலாவின் குரல் கீழே இறங்கி, பல்லுக்கிடையால் வந்தது. "மாப்புள்ள வீட்டாள இறங்கச் சொல்லப் போறீங்களா? என்னக் கொல்லுங்க அத விட."

"தண்ணிக்கி மாப்புள்ள வீடு, பொண்ணு வீடு தெரியாது."

"எங்களுக்குத் தெரியும்."

நிசார் இறங்கிக் கரைக்கு வந்தார். தம்பிமார் இருவரும் இறங்கினார்கள். ஜெஸீலா இறங்கினாள். விருந்து கொடுக்கிறவன் நான். நான் ஏறவே இல்லை. அப்போது எங்கள் பக்கத்தில் படகில் மிஞ்சியிருந்தது ஹஸ்னா மட்டும். நான் சொல்லிவைத்தபடி பின்பக்கப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பலகையில் பர்ஹான். இடையில் ஒரு முழம். அவள் தலையைச் சற்று முன்னே நீட்டிப் பேசத் தொடங்கியதை நான் கண்டேன்.

"உங்கள்ட்ட ஒண்டு கேக்கோணும்..."

"மகள், கொஞ்சம் எழும்புங்க" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. "எனக்கு முன்னுக்கு உக்காந்தா தல சுத்தும்."

ஹஸ்னா எழும்பவில்லை. பர்ஹானைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். 'இருங்க' என்று சொல்லியிருக்கலாம். 'உம்மா, நீங்க என்ட இடத்தில இருங்க' என்று தான் எழும்பியிருக்கலாம். அவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"பொறகு கதைப்பமே" என்றார்.

கரையிலிருந்து ஜெஸீலா கூப்பிட்டாள்: "ஹஸ்னா! மாமிக்கி இடத்தக் குடுத்துட்டு இறங்குங்க!"

அவள் இறங்கினாள். என் பக்கத்தால் போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

இன்னும் ஆட்கள் அதிகம். இப்போது எங்கள் வீட்டில் இறங்க ஆளில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் என்னோடு சத்தம் போட்டார், இங்கிலாந்தைப் பற்றிச் சில கருத்துகள் சொன்னார், நான் மறுக்கவில்லை. நான் கையை எடுக்கமாட்டேன் என்று தெரிந்ததும் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயும் ஒருவரையும் இறங்கச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் உம்மா மட்டும் மெதுவாக, "ஷிபானா, புள்ளைக்கி வெயில் கூடாதே, என்ன?" என்றார். மூத்த மருமகள் ஷிபானா கைக்குழந்தையோடு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மற்ற மருமகள்மார், அவர்களின் பிள்ளைகள், ஒரு விதவைச் சாச்சி. யாரும் பெயர் சொல்லவேயில்லை, அவர்களுக்கே தெரிந்திருந்தது.

எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு. கையை எடுத்தேன்.

"ரெண்டாவது ட்ரிப்புக்கு வந்து உங்களக் கூட்டிட்டுப் போறன்" என்று ரமீஸ் கத்தினார். பர்ஹான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தன்னைத்தானே படம் எடுத்தார். படகு போயிற்று.

6

இரண்டாவது பயணம் நடக்கவில்லை. களப்பின் நடுவிலிருக்கும் மணல் திட்டில் இறங்கியதும், படகைத் திருப்பி அனுப்ப மாப்பிள்ளையின் தகப்பன் விடவில்லையாம். படகில்லாமல் தண்ணீருக்கு நடுவே எப்படி நிற்பது என்று கேட்டாராம். அந்த மனிதர் அன்று சொன்னதில் பாதுகாப்பு விதிக்கு உட்பட்ட ஒரே வசனம் அதுதான். பிறகு காற்றும் எழும்பிவிட்டது.

ஆக, விருந்தாளிகள் திட்டில், விருந்து கரையில். கொட்டிலுக்குள் எங்கள் வீட்டாரும், இறக்கப்பட்ட பெண்களும், பசித்த பிள்ளைகளும். நிசார் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரோரத்தில் நடந்துகொண்டிருந்தார். நான் சட்டிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என்னை ஆளாக எண்ணாதபடியால் எல்லோரும் என் முன்னால் தாராளமாகக் கதைத்தார்கள்.

ஒரு பிள்ளை பசியில் அழுதது. ஹஸ்னா எழுந்துபோய்ச் சட்டியின் மூடியைத் திறந்தாள்.

"என்ன செய்றீங்க?" ஜெஸீலா பதறினாள். "மாப்புள்ள வீட்டார் இன்னம் வரல்ல!"

"இவங்களும் மாப்புள்ள வீட்டாள்தானே உம்மா."

ஹஸ்னா முதலில் பிள்ளைகளுக்கு வைத்தாள். பிறகு ஒரு சஹன் நிரப்பி, பாயில் வைத்து, ஷிபானாவையும் மற்றவர்களையும் கூப்பிட்டுத் தானும் சுற்றில் உட்கார்ந்தாள். பிறகு ஷிபானா கேட்டாள்:

"நீங்க எந்த வகுப்புக்குப் படிச்சுக் குடுக்கிற?"

"எட்டு, ஒம்பது. கணிதம்."

"நான் விஞ்ஞானம்."

ஹஸ்னாவின் கை சோற்றில் நின்றது. "நீங்களும் டீச்சரா ராத்தா?"

"இருந்தேன். ரெண்டு வருசம்."

"விடச் சொன்னாங்களா?"

"சீ, ஆரும் சொல்லல்ல." ஷிபானா இறைச்சித் துண்டொன்றைப் பிய்த்து ஹஸ்னாவின் பக்கம் தள்ளினாள். "அந்த வீட்டுல ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க. நல்லவங்க. காலயில நான் பஸ்ஸுக்கு வெளிக்கிடுற நேரம் மாமிக்கி நெஞ்சு நோகும். இல்லாட்டி ஆரும் சாப்பாட்டுக்கு வருவாங்க. ஒரு நாள் லீவு போட்டேன், ரெண்டு நாள் போட்டேன். அதிபர் கூப்புட்டு ஏசினார். பொறகு நானே எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

"உங்கட மாப்புள்ள ஒண்டும் சொல்லல்லயா?"

"உன்ட விருப்பம் எண்டார்."

பக்கத்தில் இருந்த இரண்டாவது மருமகள் சிரித்தாள். "பர்ஹானும் அப்புடித்தான். தங்கமான புள்ள. ஆரயும் நோகடிக்க மாட்டான்."

"ஓம்" என்றாள் ஹஸ்னா. "பாத்தேன்."

பிறகு எங்கே படித்தீர்கள், எந்த வருடம், அந்தப் பயிற்சிக் கல்லூரியில் இன்னும் அந்த மேடம் இருக்கிறாவா என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஷிபானா சத்தமாகச் சிரித்தாள். குழந்தை திடுக்கிட்டு விழித்தது. அவள் சிரித்துக் கேட்டு அதற்குப் பழக்கமில்லைபோலும்.

சாப்பிட்டு முடிந்ததும் ஹஸ்னா கையைக் கழுவி, கைப்பையை எடுத்து, என்னிடம் வந்தாள்.

"மாமா, ஒரு த்ரீவீல் புடிச்சுத் தாங்க."

"எங்க போற?" என்று எழுந்தாள் ஜெஸீலா. "அவங்க வாற நேரம்!"

"வீட்ட. நாளைக்கி எட்டாம் வகுப்புக்கு டெஸ்ட். பேப்பர் இன்னம் எழுதல்ல உம்மா."

"டெஸ்ட்டா? ஹஸ்னா, உனக்கு விசரா? மாப்புள்ளைக்கி என்ன சொல்றது?"

"அவர் ஒண்டும் கேக்க மாட்டார்."

ஜெஸீலா என்னைப் பார்த்தாள். தடுக்கச் சொல்கிற பார்வை. அன்று காலை ஒரு படகையே கையால் மறித்தவன் நான். த்ரீவீலை மறிக்கவில்லை. வீதிக்குப் போய்க் கையைக் காட்டி ஒன்றை நிறுத்திக் கொடுத்தேன். ஏறும்போது ஹஸ்னா, "மாமா, நீங்க அந்தப் பதினெட்ட எனக்காகப் புடிச்சு நிக்கல்ல, எனக்குத் தெரியும்" என்றாள். உண்மைதான், அது சட்டத்துக்காக. அவள் அதை நன்றியாகச் சொன்னாளா, குற்றமாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. த்ரீவீல் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே போய் மறைந்தது.

படகு பிற்பகலில் வந்தது. அலையில் நனைந்து, வெயிலில் கறுத்து, பசியில் வாடிப் பதினெட்டுப் பேரும் இறங்கினார்கள். பர்ஹான் தன் காலணிகளைக் கையில் பிடித்தபடி கடைசியாக வந்தார். அவருடைய உம்மா கொட்டிலுக்குள் நுழைந்து, திறந்திருந்த சட்டியைப் பார்த்தார், கழுவி அடுக்கிய சஹன்களைப் பார்த்தார், பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"மகள் எங்க?"

நிசார் என்னை முறைத்தார். நான் பதில் சொல்லப் போனேன். அதற்குள் ஷிபானா, குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அவ வேலைக்கிப் போய்ட்டா மாமி."